கிங்ஸ்நேக் குட்டிக்கு இரை கொடுப்பதும் கூடு அமைப்பதும்: குமரி மாவட்ட வீடுகளுக்கு ஏற்றபடி

கேட்கப்பட்டது இது: மார்த்தாண்டம் பக்கம் ஒரு டெரஸ் வீடு. மாடி அறையில் ஆறு மாதக் கலிபோர்னியா கிங்ஸ்நேக் (விஷமில்லாத வட அமெரிக்கப் பாம்பு) குட்டி, எடை 40 கிராம். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, அடியில் முழுக்க ஹீட் மேட் (கரண்டில் சூடாகும் விரிப்பு), உள்ளே தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள்). ஃப்ரீசரில் இருக்கும் எலியைப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுக் கையில் பிடித்துக் கொடுக்கிறார்கள். இரண்டு தடவை விரலைக் கவ்விக்கொண்டு விடவில்லை. போன வாரம் தின்ற 9 கிராம் எலியை மறுநாளே கக்கிவிட்டது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கியதிலிருந்து வயிற்றுச் செதில்களில் பழுப்புப் புள்ளிகள். என்ன தவறு, கையால் ஊட்டிப் பழக்கலாமா என்பது கேள்வி.

முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியவை. தும்புத்தூளை முழுக்க அள்ளி வெளியே போடுங்கள். டப்பாவைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஃபேனுக்கு அடியில் ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, நாலு மடிப்பு டிஷ்யூ பேப்பர் விரியுங்கள். ஹீட் மேட்டின் ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வாங்கிய பிறகு போட்டால் போதும். நம் மாவட்டத்துச் சமவெளியில் மழைக்கால இரவின் குளிர் ஒரு கிங்ஸ்நேக்கைக் கொல்லும் குளிர் இல்லை. கக்கிய நாளிலிருந்து எண்ணி குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள், இரை வேண்டாம். சுத்தமான தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். அதுவரை கையில் எடுக்கவும் வேண்டாம்.

ஏன் இத்தனை நாள் பட்டினி என்று மனம் கேட்காது, புரிகிறது. பாம்பு கக்கும்போது எலியோடு வயிற்று அமிலமும் சேர்ந்து வருகிறது. தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துபோயிருக்கும். செரிமானத்துக்கான நுண்ணுயிர்களும் குறைந்துபோகும். பாவம் பசிக்குமே என்று மூன்றாம் நாளே இன்னொன்றைக் கொடுத்தால் அதையும் கக்கும், அடுத்ததையும் கக்கும். குட்டிகள் சாவது பெரும்பாலும் இந்த இரண்டாவது, மூன்றாவது கக்கலில்தான். முதல் கக்கலில் யாரும் அவசரப்படாமல் இருந்தால் பிழைத்துவிடும். 40 கிராம் குட்டி இரண்டு வாரம் தின்னாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது.

உங்கள் குட்டி கக்கியதற்கு நீங்கள் எழுதியதிலேயே மூன்று காரணங்கள் இருக்கின்றன. 40 கிராம் பாம்புக்கு 9 கிராம் எலி மிகப் பெரிது. பத்து நிமிடம் வெளியே வைத்த எலியின் தோல்தான் இளகியிருக்கும், நடுவயிறு கல்லாகவே இருந்திருக்கும். ஐஸ்கட்டியை விழுங்கின பாம்பு அதைத் திருப்பித்தான் அனுப்பும். மூன்றாவது, அடி முழுக்க ஹீட் மேட். சூடு வேண்டாதபோது விலகிப்போக அந்தக் குட்டிக்கு இடமே இல்லை. அளவு மீறிச் சூடானாலும் செரிமானம் கெடும், குளிர்ந்தாலும் கெடும்.

இனி கையால் ஊட்டுவது பற்றி. விரலால் கூடாது. இடுக்கியால் ஊட்டலாம், ஊட்டித்தான் பழக்கவும் வேண்டும்.

இதற்குக் காரணம் கிங்ஸ்நேக்கின் இயல்பிலேயே இருக்கிறது. வட அமெரிக்காவில் இது எலி, ஓணான் வகைகள், பறவை முட்டை எல்லாம் தின்னும். மற்றப் பாம்புகளையும் தின்னும். ராட்டில்ஸ்நேக்கின் விஷம் இதற்கு அவ்வளவாக ஏறாது, அதையும் சுற்றி நெரித்து விழுங்கிவிடும். 'கிங்' என்ற பட்டம் அதனால் வந்ததுதான். நம் மலையோரக் காடுகளில் இருக்கும் ராஜநாகமும் பாம்பு தின்னி என்பதால் பெயர் ஒன்றுபோல இருக்கிறதே தவிர, இரண்டுக்கும் உறவு இல்லை. கிங்ஸ்நேக்குக்கு விஷம் கிடையாது. அக்கம்பக்கத்தில் "கிங் கோப்ரா வளர்க்கிறார்களாம்" என்று பேச்சு பரவுவதற்கு முன்னால் நீங்களே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

மலைப்பாம்பு வகைகளைப் போல வெப்பத்தை உணரும் குழிகள் கிங்ஸ்நேக்குக்கு இல்லை. நாக்கை நீட்டி வாடையை இழுத்து மேலண்ணத்தில் வைத்துத்தான் 'இது இரை' என்று முடிவு செய்கிறது. அசைவு தெரிந்தால் அடிக்கிறது. எலியைத் தொட்ட விரலில் எலி வாடை. விரல் அசையவும் செய்கிறது. அதற்கு அது எலியேதான். மற்றப் பாம்புகள் பயந்து கடித்தால் உடனே விட்டுவிடும். கிங்ஸ்நேக் தின்பதற்காகக் கடிக்கும், அதனால் விடாது. தாடையை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி மென்றுகொண்டே விரலைச் சுற்றி இறுக்கும். பற்கள் ஊசி முனைபோலச் சிறியவை, பின்னோக்கி வளைந்தவை. வெடுக்கென்று இழுத்தால் உங்கள் தோல் கிழியும், அதன் பல்லும் ஒடிந்து வாய்ப்புண்ணாகும். குழாயைத் திறந்து குளிர்ந்த தண்ணீரில் கையையும் பாம்பையும் சேர்த்துக் காட்டுங்கள், ஒரு நிமிடத்துக்குள் பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் உடலின் சுற்றை வால் பக்கமிருந்து பிரித்துவிட்டு, தலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பற்களை விடுவிக்க வேண்டும். காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு நாளாகியிருந்தால் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: இந்த ஊரில் கையில் எப்போதும் ஏதாவது வாடை இருக்கும். மீன் வெட்டிய கை, கருவாடு தொட்ட கை, கோழி கழுவிய கை என்று எதுவானாலும் கூட்டைத் திறப்பதற்கு முன் சோப்பால் முழங்கைவரை கழுவுவதைப் பழக்கமாக்குங்கள். அது சும்மா இருக்கும் நாளில் கையில் எடுப்பதாக இருந்தால், முதலில் காகிதச் சுருளால் உடலின் நடுப்பகுதியில் மெதுவாக ஒரு தொடு. இரை நாளில் அந்தத் தொடுதல் இருக்கக் கூடாது. சில வாரங்களில் பாம்பு இரண்டையும் பிரித்து அறிந்துகொள்ளும். காகிதம் பட்டதும் தலையின் விறைப்பு தளர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரை கொடுக்கும் முறைக்கு வருவோம். 25 முதல் 30 செ.மீ. நீள இடுக்கி, முனையில் ரப்பர் இருந்தால் நல்லது. வெறும் இரும்பு முனையை ஆவேசத்தில் கடித்தால் பல் போகும். இல்லாவிட்டால் சைக்கிள் வால்வு ட்யூபை இரண்டு முனையிலும் மாட்டிக்கொள்ளுங்கள். முந்தின இரவே எலியை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வையுங்கள். கொடுப்பதற்கு முன் ஜிப் கவரில் போட்டு, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில், அதாவது 40 டிகிரி அளவில், பத்துப் பதினைந்து நிமிடம் மூழ்கவிடுங்கள். மைக்ரோவேவில் வைக்கவே வேண்டாம், ஒரு இடம் பச்சையாகவும் இன்னோர் இடம் வெந்தும் இருக்கும், சமயத்தில் வெடிக்கவும் செய்யும். கொதிநீரும் கூடாது, வெந்த தோல் வயிற்றில் பிய்ந்துபோகும். பிறகு எலியின் வயிற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரே சீராக மெத்தென்று இருக்க வேண்டும். உள்ளே ஒரு பட்டாணி அளவு கட்டி தட்டுப்பட்டாலும் திரும்பத் தண்ணீரில் போடுங்கள். கடைசியில் டிஷ்யூவால் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். ஈரமான எலி சீக்கிரம் குளிர்ந்துவிடும், வாடையும் மங்கும்.

எலியின் இடுப்புப் பகுதியை இடுக்கியால் பிடித்து, தலை பாம்பைப் பார்க்கும்படி, பக்கவாட்டிலிருந்து கொண்டுபோங்கள். மேலிருந்து இறக்கினால் பருந்து வருவதுபோலப் பயந்து ஒளியும். பாம்பின் மூக்குக்கு ஐந்து செ.மீ. தள்ளி நிறுத்தி, மிக லேசாக அசைத்தால் போதும். நாக்கு நீட்டுவது வேகமாகும், கழுத்து 'ஸ' மாதிரி மடியும், அடுத்த நொடி கவ்வி மூன்று சுற்றுச் சுற்றிவிடும். உடனே இடுக்கியை விட்டுவிடாமல் ஒரு தடவை மெதுவாக இழுத்துப் பாருங்கள், பிடி இறுகும். அப்புறம் விட்டுவிட்டுக் கையை எடுத்து மூடியைச் சாத்துங்கள். செத்த எலியைத்தான் நெரிக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. இரண்டு மூன்று நிமிடம் நெரித்துவிட்டு, சுற்றைத் தளர்த்தி, மூக்கால் உடல் முழுக்கத் தடவித் தலையைக் கண்டுபிடித்து அங்கிருந்து விழுங்கத் தொடங்கும். விழுங்கி முடித்ததும் இரண்டு மூன்று முறை வாயை அகலமாகப் பிளக்கும். அது தாடையைச் சரிசெய்துகொள்வது. அன்றைக்கு மட்டும் வரும் அந்த 'கொட்டாவி'யைப் பார்த்து நோய் என்று பதற வேண்டாம். அதன்பின் 48 மணி நேரம் தொடக் கூடாது. நண்பர்களுக்குக் காட்டுவது எல்லாம் அதற்கப்புறம்தான்.

தனி டப்பாவுக்கு மாற்றி இரை கொடுத்தால் கூட்டுக்குள் கை விடும்போது கடிக்காது என்று ஒரு பேச்சு உண்டு. நம்ப வேண்டாம். தின்ற கையோடு தூக்கி மாற்றுவதுதான் கக்கலுக்கும் கடிக்கும் நேர்வழி. இரை வெறி அடங்க அரைமணிக்கு மேல் ஆகும், அந்த நேரத்தில்தான் நீங்கள் கை நீட்டுகிறீர்கள். கூட்டிலேயே கொடுங்கள். கீழே தூள் ஒட்டாமல் இருக்க ஒரு துண்டு டைல்ஸை வைத்து அதன்மேல் கொடுத்தால் சரி.

எவ்வளவு, எப்போது என்றால்: வளரும் குட்டிக்கு உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம், அல்லது அதன் உடலின் மிகப் பருத்த இடத்தின் கனம், அதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பிறந்த புதிதில் 1, 2 கிராம் அளவுள்ள பிங்கி (மயிர் முளைக்காத எலிக்குஞ்சு) ஒன்று, 5 அல்லது 6 நாளுக்கு ஒரு தடவை. உங்கள் 40 கிராம் குட்டிக்கு 4 முதல் 6 கிராம், அதாவது மென்மயிர் முளைத்த ஃபஸி ஒன்று, வாரத்துக்கு ஒரு தடவை. 100 முதல் 150 கிராம் வந்ததும் 12, 15 கிராம் எலி ஒன்று, 7 முதல் 10 நாளுக்கு. வளர்ந்து முடிந்த பாம்புக்கு 25, 30 கிராம் எலி ஒன்றோ இரண்டோ, 10 முதல் 14 நாளுக்கு. கிங்ஸ்நேக் வேண்டாம் என்று சொல்லாது, கொடுக்கக் கொடுக்கத் தின்னும். அதனால் அளவை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். வளையும்போது செதில்களுக்கு நடுவே தோல் பிளந்து தெரிந்தால் கொழுத்துவிட்டது என்று அர்த்தம். சமையல் தராசில் மாதம் ஒரு முறை நிறுத்து, தேதியோடு நோட்டில் எழுதிவையுங்கள். தராசு அதற்கென்று தனியாக இருக்கட்டும்.

கக்கலுக்குப் பிறகு கொடுக்கும் முதல் இரை மட்டும் இந்தக் கணக்கில் பாதி: ஒரே ஒரு பிங்கி. அது தங்கி, நாலைந்து நாளில் எச்சம் வந்த பிறகு இன்னொரு பிங்கி. மூன்றாவது தடவைதான் ஃபஸி.

எலி எங்கே வாங்குவது? வளர்ப்பு வெள்ளைச் சுண்டெலி மட்டும்தான். வீட்டில், வயலில் பிடித்தது வேண்டவே வேண்டாம். அது எங்கேயாவது எலி மருந்து தின்றிருந்தால் பாம்பும் சேர்ந்து போகும், தொட்ட உங்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். நம் மாவட்டத்தில் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் எப்படி வரும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சுவர்ப்பல்லி, தவளை கொடுப்பது குடற்புழுவையும் சேர்த்துக் கொடுப்பது. கோழிக்கறித் துண்டில் எலும்பும் ஈரலும் இல்லை, சத்து நிறையாது. உயிருள்ள எலியை விடுவதும் தவறு: எலிக்குச் சித்திரவதை, பாம்புக்குக் கண்ணிலோ முகத்திலோ கடி. பால்? நாகராஜா கோயிலில் ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர் சிலைக்குப் பால் ஊற்றுவது வழிபாடு, அது அங்கே இருக்கட்டும். உயிருள்ள பாம்பின் குடலுக்குப் பால் செரிக்காது.

ஃப்ரீசரில் ஆறு வாரத்துக்கு மேல் சேர்த்து வைக்காமல் இருப்பது நம் ஊருக்கு நல்லது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஒருமுறை இளகிய எலியைத் திரும்ப உறையவைத்துக் கொடுக்கக் கூடாது, எறிந்துவிடுங்கள். கரண்ட் இல்லாத வாரத்தில் பாம்பு பட்டினி கிடந்தாலும் பாதகமில்லை. எலிகளை மூடி இறுகிய தனி டப்பாவில் வையுங்கள், வீட்டுச் சாப்பாடு இருக்கும் ஃப்ரீசரில் வைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. பாம்பும் எலியும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கூட்டை அடுக்களைப் பக்கம் கொண்டுவராதீர்கள், சாமான்களைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கழுவாதீர்கள்.

தின்ன மறுத்தால் முதலில் கண்ணைப் பாருங்கள். பால் பூத்ததுபோல மங்கியிருந்தால் சட்டை உரிக்கப்போகிறது. உரித்து முடியும்வரை ஒரு வாரமோ பத்து நாளோ விட்டுவிடுங்கள். புதிதாக வாங்கி வந்ததென்றால் ஏழு நாள் தொடாமல், இரையும் கொடுக்காமல் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். வளர்ந்த ஆண் பாம்பு இணைசேரும் காலத்தில் சில வாரம் மறுக்கும், எடை குறையாதவரை கவலையில்லை. இவை எதுவும் இல்லாமல் குட்டி மறுத்தால், சூடான பிங்கியையும் பாம்பையும் காற்றுத்துளை போட்ட சின்ன டப்பாவில் சேர்த்து வைத்து, டப்பாவை மூடி, இருட்டில் கூட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று மணி நேரம் விடலாம். ராத்திரி முழுக்க வைக்கச் சொல்லும் குறிப்புகள் குளிர்நாட்டுக்கு எழுதப்பட்டவை. நம் வெக்கையில் நாலு மணி நேரத்தில் எலி அழுகத் தொடங்கிவிடும், அதற்குள் எறும்பும் வந்துவிடும். வாயைத் திறந்து திணிப்பது டாக்டர் செய்ய வேண்டிய வேலை. எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் அவரிடம் கொண்டுபோங்கள்.

கூடு பற்றி இனி. இதில்தான் குமரி மாவட்டம் தனியாக நிற்கிறது. பாம்பு வளர்ப்புக் குறிப்புகள் பெரும்பாலும் குளிரை நினைத்து எழுதப்பட்டவை, எப்படிச் சூடு கொடுப்பது என்பதே அவற்றின் கவலை. நமக்குச் சூடு இலவசம். நம் எதிரி ஈரம். இடவப்பாதி ஒரு பக்கம், ஐப்பசி கார்த்திகை மழை இன்னொரு பக்கம் என்று இரண்டு மழையும் இங்கே கொட்டும். மழைக்காலத்தில் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும். கிங்ஸ்நேக்குக்கு வேண்டியது 40 முதல் 60. உங்கள் குட்டியின் வயிற்றுப் புள்ளி இதனால் வந்ததுதான்.

தும்புத்தூள் தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழே ஹீட் மேட் அதை ஆவியாக்கும், மேலே மூடி ஆவியைப் போகவிடாது. அந்த வெந்நீர்க் குளியலில் இரவும் பகலும் வயிறு படிந்து கிடந்தால் செதில் ஊறி, பழுத்து, பழுப்பும் சிவப்புமாகி, கொப்புளம் கட்டும். தெர்மோஸ்டாட் இல்லாத மேட் 45 டிகிரியைத் தாண்டக்கூடும் என்பதால் அதில் சூட்டுப்புண்ணும் கலந்திருக்கலாம். வெறும் புள்ளி அளவில் இருந்தால், உலர்ந்த டிஷ்யூவில் வைத்து, போவிடோன் அயோடினைக் கட்டன்சாயா நிறத்துக்குத் தண்ணீர் கலந்து, பஞ்சால் ஒரு நாளைக்கு ஒரு தடவை ஒற்றி, காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். கையில் எடுக்க வேண்டாம் என்றதற்கு இது ஒன்றுதான் விலக்கு. அடுத்த ஒன்றிரண்டு சட்டை உரிப்பில் மறைந்துவிடும். கொப்புளமோ சீழோ இருந்தால், அல்லது மூக்கில் நுரை, வாயைத் திறந்து மூச்சு, தலையை மேலே தூக்கிக்கொண்டே இருப்பது என்று எதையாவது கண்டால் காத்திருக்காதீர்கள். பாம்பு பார்க்கும் டாக்டர் எல்லா ஊரிலும் இல்லை. திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு முன்கூட்டிப் பேசிவிட்டுக் கொண்டுபோகலாம்.

விரிப்புக்கு மழைக்காலம் முழுக்கக் காகிதம்தான் என் சிபாரிசு. அழகில்லை, ஆனால் ஈரமும் எச்சமும் பேன்பூச்சியும் பார்த்த உடனே தெரியும். வெயில் காலத்தில் கதம்பையை (தேங்காய் மட்டையை) சின்னத் துண்டுகளாக வெட்டி, உப்பும் சாயமும் போக இரண்டு மூன்று தடவை தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடலாம். மர ஆலையிலிருந்து இழைப்புச் சுருள் சும்மா கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். இங்கே ஆலைகளில் ஓடுவது பெரும்பாலும் ரப்பர் மரம், பூச்சி அரிக்காமல் இருக்க அதில் போரான் மருந்து ஏற்றியிருப்பார்கள். பைன், தேவதாரு தூளும் நுரையீரலுக்கு ஆகாது.

இப்போதைய குட்டிக்கு 40 செ.மீ. நீள டப்பா போதும், ஆனால் எதிரெதிர்ப் பக்கச் சுவர்களில் 3 மி.மீ. ட்ரில்லால் முப்பது நாற்பது துளை வேண்டும். தலை நுழையும் துளையில் உடலும் நுழைந்துவிடும், அதனால் அதைவிடப் பெரிதாகப் போடாதீர்கள். துளையின் பிசிறை உள்பக்கம் தேய்த்துவிடுங்கள். வளர்ந்த பாம்பு ஒரு மீட்டரைச் சுற்றி வரும். அதற்குக் குறைந்தது 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். இடம் இருந்தால் 120-க்கு 60. ப்ளைவுட் இங்கே ஊதிப்போகும், கரையானும் விடாது. அலுமினியம் செக்‌ஷன், பி.வி.சி. ஷீட், முன்பக்கம் நகரும் கண்ணாடி என்று ஃபேப்ரிகேஷன் கடையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். கண்ணாடிக்கு ஷோகேஸ் பூட்டு கட்டாயம். இரண்டு கண்ணாடியும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடைவெளியை யாரும் கவனிப்பதில்லை, குட்டி வெளியே போவது அந்த வழியாகத்தான். அங்கே பிளாஸ்டிக் பட்டை ஒட்டுங்கள்.

ஹீட் மேட் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும், கூட்டுக்கு வெளியே அடியில். தெர்மோஸ்டாட்டின் சென்சார் மேட்டுக்கும் கூட்டுக்கும் நடுவில், 31 டிகிரிக்கு. மறுபக்கம் 24 முதல் 26. மழைக்காலத்தில், தின்ற பிறகு செரிக்க, இந்தச் சூடு உதவும். மார்ச்சிலிருந்து மே வரை மேட்டையே அணைத்துவிடுங்கள். அப்போது கவலை தலைகீழ்: மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் மத்தியானம் 35 டிகிரியைத் தாண்டினால் பாம்பு தவிக்கும், 38-க்கு மேல் உயிருக்கே ஆபத்து. கூட்டைக் கீழ்த்தளத்துக்கு, வடக்குச் சுவர் ஓரத்துக்கு இறக்குங்கள். தகரக் கூரை, ஷீட் கூரை அறையில் வைக்கவே கூடாது. ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் கண்ணாடிக் கூடு அடுப்பாகிவிடும்.

ஒளிவதற்குச் சூட்டுப்பக்கம் ஒன்று, குளிர்பக்கம் ஒன்று. குட்டிக்குச் சிரட்டையைவிட நல்லது எதுவும் இல்லை. தும்பு போகச் சுரண்டி, விளிம்பில் இரண்டரை செ.மீ. அகலத்துக்கு வாசல் வெட்டி, விளிம்பைத் தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள். உடல் சிரட்டைச் சுவரில் உரசும் அளவு நெருக்கமாக இருந்தால்தான் அதற்கு நிம்மதி. பெரிதானதும் பாதி உடைந்த மண்சட்டி. தண்ணீர்க் கிண்ணம் கவிழாத கனத்தில், சின்னதாக, குளிர்பக்கத்தில் இருக்கட்டும். ஏ.சி. அறையில் மட்டும் சட்டை உரிக்கும் வாரத்தில் ஈரத் துணி வைத்த டப்பா ஒன்று கொடுங்கள். மற்ற வீடுகளில் காற்றின் ஈரமே போதும்.

எறும்பு சின்ன விஷயமில்லை. எலி வாடைக்கு வரிசை கட்டி வந்து, தின்று மயங்கிக் கிடக்கும் குட்டியைக் கடித்துக் கொன்றுவிடும். ஸ்டாண்டின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, மேலே ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுங்கள், கொசு முட்டையிடாது. சுவரில் ஸ்டாண்ட் சாயக் கூடாது. எறும்புச் சாக்பீஸ், கொசுவத்தி, கொசு லிக்விட், பாச்சை உருண்டை எதுவும் அந்த அறையில் வேண்டாம்; அவற்றின் மருந்து பாம்பின் நரம்பைத் தாக்கும். பினாயிலும் அப்படியே விஷம். கூட்டைச் சோப்பால் கழுவி, ப்ளீச்சை இருபது மடங்கு தண்ணீரில் கலந்து துடைத்து, வாடை போக அலசிக் காயவைத்தால் போதும்.

ஒரு கூட்டில் ஒரு பாம்பு. ஜோடி சேர்க்கிறேன், துணை வேண்டாமா என்ற எண்ணமே கூடாது. ஒரே முட்டைக் கூட்டத்தில் பிறந்த குட்டியையும் இது தின்னும். புதிதாக இன்னொன்று வாங்கினால் தனி அறையில் இரண்டு மூன்று மாதம் வைத்து, தண்ணீர்க் கிண்ணத்தில் கறுப்புப் பொடிபோலப் பேன் மிதக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பழைய அறைக்கு.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. நம் ஊர்ப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், சாரையானாலும் குற்றம்தான். பால் பைதான், போவா போன்ற வெளிநாட்டுப் பாம்புகள் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கலிபோர்னியா கிங்ஸ்நேக் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் வளர்ப்பில் பிறந்தது என்று எழுதிய பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

கடைசியாகத் தப்பித்தல். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனேரியா தீவில் வளர்ப்பிலிருந்து வெளியேறிய இதே கலிபோர்னியா கிங்ஸ்நேக் பெருகி, அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லியினத்தைப் பல இடங்களில் துடைத்துவிட்டது. நமக்குப் பக்கத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலை. அதைவிட உடனடியான ஆபத்து ஒன்றும் இருக்கிறது. கறுப்பில் வெள்ளை வளையம் போட்ட கிங்ஸ்நேக்கும் கட்டுவிரியனும் டார்ச் வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும். கிங்ஸ்நேக்கின் வளையம் அகலம், தலைக்குப் பின்னாலேயே தொடங்கிவிடும், முகத்திலும் வெள்ளை இருக்கும். கட்டுவிரியனுக்கு மெல்லிய கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக, கழுத்துப் பக்கம் மங்கியோ இல்லாமலோ இருக்கும். இதைப் பகலில் படத்தை வைத்துப் படித்து வையுங்கள், இரவில் பாம்பை வைத்துப் பரிசோதிக்காதீர்கள்.

குட்டியைக் காணவில்லை என்றால் அறைக் கதவைச் சாத்தி, கதவிடுக்கில் துணி அடைத்து, முதலில் சூடான மூலைகளைப் பாருங்கள்: ஃப்ரிட்ஜின் பின்புறம், இன்வெர்ட்டர் அடி, டி.வி. பெட்டியின் பின்னால். கிடைக்காவிட்டால் சுவரோரம் கோலப்பொடியை மெல்லிய பட்டையாகத் தூவிவிட்டுக் காலையில் தடம் பாருங்கள். வெறுங்கையை இருட்டில் விடாதீர்கள். அது உங்கள் பாம்புதான் என்று நூற்றுக்கு நூறு தெரியாதவரை அருகே போக வேண்டாம். 112-க்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது, சில மணி நேரம் கழித்து இமை தொங்கும். அதனால் இப்படித் தேடும்போது எது கடித்தாலும், வளர்ப்புப் பாம்புதானே என்று நினைத்துப் படுத்துவிடாமல், 108-ஐ அழைத்து நேராக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.